தப்பில்லாத பலகை

அண்ணன், தம்பி இருவரும் ஒரே அச்சகத்தில் புரூஃப் பார்த்து அச்சுப்பிழை திருத்தியவர்கள். கண் என்றால் அப்படியொரு கண். ஒருமுறை நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் முதுகில் தப்பான ஆங்கிலத்தைக் கண்ட தம்பி, பேனாவோடு பின்பக்க ஏணியில் ஏறினார். திருத்தி முடித்து இறங்கினால் அடுத்த ஊர். அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நம்பாதவர்கள் அந்த பஸ்ஸைத் தேடிப் பார்க்கலாம். திருத்தம் இன்னும் அழியவில்லை.

அவர்கள் பிரிந்ததும் அந்தக் கண்ணால்தான். ஏதோ ஒரு கம்பெனி மலரில், முதலாளியின் பழைய நாற்காலியை 'ஹிஸ்டாரிக்' என்று எழுதியிருந்ததை அண்ணன் அப்படியே விட்டுவிட்டார்.

"சரித்திரத்தையே புரட்டிப் போட்டாத்தான் ஹிஸ்டாரிக். சும்மா அந்தக் காலத்துச் சாமான்னா ஹிஸ்டாரிக்கல். இந்த நாற்காலி எந்த நாட்டைப் பிடிச்சுதுண்ணே?" என்று மேனேஜர் முன்னாலேயே தம்பி கேட்டார். ஆபீஸே சிரித்தது.

அன்று சாயங்காலம் அண்ணன், "என் வீட்டுல இருந்துக்கிட்டு என் மானத்தையே வாங்குறியா?" என்றார். தம்பி 'என் வீட்டுல' என்பதை மட்டும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பின்னால் அண்ணி இறந்தபோதும் வாசலோடு நின்று திரும்பினார்.

அதற்கப்புறம் அண்ணன் ஒற்றை ஆள். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் ரேடியோவுக்குப் பதில் வணக்கம் சொல்வார். காபிக்கு இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்பக் கவிழ்ப்பார். அவர் இருமினால் காலி அறையும் திருப்பி இருமும். "உடம்பைப் பாத்துக்கப்பா" என்று அதற்கும் சொல்லிவைப்பார்.

தம்பி தினமும் பால் வாங்க அந்த வழியாகத்தான் போவார். வீடு நெருங்கியதும், மழையோ வெயிலோ இல்லாத அந்த நேரத்தில் குடையை விரித்து, வீடு கண்ணில் படாதபடி சாய்த்துக்கொள்வார்.

அவரை எப்படியாவது வீட்டுக்குள் வரவழைக்க வேண்டும். அண்ணன் கேட்டில் ஒரு பலகை மாட்டினார்: 'ரூம் ஃபார் ஹையர்.' சைக்கிளைக் கொஞ்ச நேரத்துக்கு எடுத்தால் ஹையர். குடியிருக்க அறை கொடுத்தால் ரென்ட். இந்தத் தப்பைத் தாண்டிப் போக தம்பியின் கால் சம்மதிக்காது என்பது அவர் கணக்கு.

முதலில் வேறொருவர் வந்தார். "மணிக்கு எவ்வளவுங்க? அரை மணி தூங்கினாப் போதும். எங்க வீடு நிறைய விருந்தாளி."

அண்ணன் சும்மாவே தூங்கவிட்டார். வீட்டில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்பது நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை 'ஹையர்' அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் 'ரென்ட்' என்று இருந்தது. அண்ணன் கதவைத் திறப்பதற்குள் குடை தெருமுனை திரும்பிவிட்டது.

அண்ணன் விடுவாரா? பேப்பரை எனக்கு 'பாரோ' செய்யுங்கள் என்று எழுதினார். வாங்குவதுதான் பாரோ, கொடுப்பது லெண்ட் என்பதால் அது 'லெண்ட்' ஆனது. இந்த வீட்டு நாய் விருந்தாளிகளைக் கண்டுகொள்ளாது என்று சொல்ல வந்தவர் 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று போட்டு, நாயைப் பாரபட்சமில்லாத நீதிபதியாக்கினார். அதுவும் 'அன்இன்ட்ரஸ்டட்' என்று திருத்தப்பட்டது. வீட்டில் நாயே கிடையாது என்பது வேறு விஷயம். இப்படி வாசல் முழுக்கச் சுத்தமான ஆங்கிலம் தொங்கியது. அழைப்பு மணிதான் அடிக்கவில்லை.

அப்போதுதான் அச்சகத்து விதி அண்ணனுக்கு ஞாபகம் வந்தது. தப்பு என்றால் நீயே திருத்து. சந்தேகம் என்றால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, எழுதினவரை நேரில் பார்த்துக் கேள். தம்பி அந்த விதியை மீறியதே இல்லை. ஒரு சந்தேகத்துக்காக, எழுதினவர் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த கல்யாண மேடையிலேயே ஏறியவர்.

எல்லாப் பலகைகளையும் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றை மாட்டினார்: 'ஐ லிவ் ஹியர் அலோன்.'

காலையில் குடை வந்து நின்றது. பேனா வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. பால் பாக்கெட் வியர்த்துச் சொட்டியது. ஜன்னலுக்குப் பின்னால் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பலகையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி விழுந்தது.

மணி அடித்தது.

"யாரது?" என்றார் அண்ணன், தெரியாதவர் போல.

"புரூஃப்."

கதவு திறந்தது. தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தே பேசினார். "அலோன்னா கூட ஆள் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். லோன்லி அப்படியில்ல. கூட்டத்துக்கு நடுவுல உக்காந்திருந்தாலும் அது இருக்கும். எழுதினவர் எதைச் சொல்ல வந்தார்?"

"எழுதினவனுக்கே அது பிடிபடலப்பா. அந்தத் தெருவுல உனக்கு எது?"

தம்பி குடைக்கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். "அங்க என்னைத் திருத்தக்கூட ஆளில்லண்ணே."

"அன்னிக்கு 'என் வீடு'ன்னு சொன்னேனே, அதையும் அடிச்சிடு."

"வாயால சொன்னதை எப்படிண்ணே அடிக்கிறது? மை பிடிக்காதே."

அண்ணன் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். தம்பி குடையை மடக்க மறந்து உள்ளே வர, அது நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அண்ணன் பாலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், கவிழ்ந்திருந்த டம்ளரை நிமிர்த்தினார்.