மேளத்துக்காக இறங்கிய விமானம்

சீகிரியாப் பக்கம் ஹோட்டல் கட்டியவர்கள் பலர். அதற்கென்று சொந்தமாக ஒரு குட்டி விமானமும் வாங்கி, தானே ஓட்டவும் பழகியவர் ஆரூரன் ஒருவர்தான். கொழும்பிலிருந்து முதல் பயணத்தைப் படம் பிடிக்க, வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் நிஷாந்தியைப் பக்கத்து இருக்கையில் ஏற்றினார். ஊருக்குப் போகும் எல்கடுவ மலைப்பாதையில் பஸ் வளைந்தாலே வாந்தி எடுக்கிறவள் அவள். வேலை போய்விடுமே என்று ஏறிவிட்டாள்.

ஹோட்டலின் ஓடுபாதைக்கு மேலே வந்ததும் விமானம் ஆட்டம் போட்டது. ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் ஹஸீப் கீழேயிருந்து ரேடியோவில் பதறினான்.

"சேர், காத்து பக்கவாட்டுல அடிக்குது. எறங்காதீங்க, இன்னொரு சுத்து சுத்தி வாங்க."

"மேளகாரர் மாலையோட நிக்கினம். பிரதம விருந்தினரும் வந்திட்டார். இனிச் சுத்திறதோ?" என்றார் ஆரூரன்.

சக்கரம் தரையில் பட்டதும் விமானம் துள்ளியது. அவர் அவசரமாக அதன் மூக்கைக் கீழே அழுத்தினார்; இன்னும் உயரமாகத் துள்ளியது. அப்புறம் ஒற்றைச் சக்கரத்தில் விழுந்து, வால் சுழன்று, வேலியைப் பிய்த்துக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்குள் போய்ச் சாய்ந்தது. "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல். அது தன் குரல் இல்லையென்று நிஷாந்திக்குப் பிறகுதான் உறைத்தது.

இருவருக்கும் சிராய்ப்புத்தான். மேளகாரர்கள் வாசித்தபடியே தோட்டத்துக்குள் ஓடி வந்தார்கள். ஆரூரன் சட்டையைத் தட்டிவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

"குறுக்கால ஒரு மயில் வந்தது. அதைக் காப்பாத்தத்தான் திருப்பினனான்."

பிரதம விருந்தினர் அங்கேயே ஜீவகாருண்யம் பற்றிப் பேசினார். நசுங்கிய வெங்காயத்தின் காரத்தில் எல்லார் கண்ணும் கலங்கியதால் பேச்சு நன்றாக எடுபட்டது.

பின்னேரம் ஆரூரன் நிஷாந்தியைக் கூப்பிட்டார். "அந்த வீடியோவில ஒரு மயிலைச் சேர்த்துவிடும். எல்லாத்துக்கும் இப்ப ஆப் இருக்குத்தானே."

"பறக்கிற மயிலா சேர், நடக்கிற மயிலா?"

"நம்பிற மாதிரி ஒண்டு."

நிஷாந்தி எந்த ஆப்பையும் திறக்கவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், மயில் இல்லாத வீடியோவையே கொடுத்தாள்.

"ஏன் சுத்தி வரல?" என்று கேட்டார், அதில் ஹஸீபின் குரலைக் கேட்ட அதிகாரி.

"மேளத்துக்காகங்க."

ஆரூரனின் லைசன்ஸ் போனது. அவளுடைய வேலை போகவில்லை. தோட்டத்தில் கிடந்த விமானத்தோடு படம் எடுக்க வெள்ளைக்காரர்கள் குவிந்தார்கள், அறைகள் நிரம்பின, அவளை அனுப்பிவிட்டால் மேசைக்கு ஆளில்லை. ஒரு வாரம் முகம் கொடுக்காமல் திரிந்த ஆரூரன், பிறகு உற்சாகமாக வந்து, குளத்தில் விட வேகப்படகு வாங்கப்போவதாகச் சொன்னார்.

"முதல் ஓட்டத்துக்கு நீரும் வாரும்."

"நான் கரையில நின்னே எடுக்கிறேங்க சேர்," என்றாள் நிஷாந்தி.