பட்டாணி ஓட்டிய பஸ்

பட்டாணியைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் டீச்சர். பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் மேலாளர் அம்மாவுக்கு விருப்பமில்லை.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலைதான் உருளும்," என்றார்.

"என் ரூம்ல இருக்கப்போற குழந்தை மேடம். நான் பாத்துக்கறேன்," என்று டீச்சர் சொல்லி, வாசல் படிக்கு ஒரு சாய்தளமும் கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் போட வைத்தபிறகுதான் ஓய்ந்தார். நான்கு வயதுக் குழந்தைகளின் அறை ஒன்பது வருடமாக அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

ஆள் சின்னதாக, உருண்டையாக இருந்ததால் வீட்டில் வைத்த பெயர் பட்டாணி. பிறக்கும்போதே இரண்டு கால்களிலும் வலுக் குறைவு. முழங்கால்வரை பட்டை வைத்த பூட்ஸும் சக்கரம் வைத்த வாக்கரும் இருந்தால் நடந்துவிடுவாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை. வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருந்தது.

அவள் வருவதற்கு முதல் நாள், டீச்சர் மற்ற குழந்தைகளைப் பாயில் உட்காரவைத்துச் சொன்னார்: "நாளைக்கு ஒரு புதுப் பாப்பா வர்றா. அவளுக்குக் கால்ல பலம் கொஞ்சம் கம்மி. நீங்க எல்லாரும் அண்ணன், அக்கா மாதிரி பாத்துக்கணும். சரியா?"

"சரி மிஸ்!" அறை அதிர்ந்தது.

சொன்ன சொல்லைக் குழந்தைகள் காப்பாற்றினார்கள். ஒருவன் பையைத் தூக்கினான், ஒருத்தி பூட்ஸ் மாட்டிவிட்டாள், இருவர் சாப்பாடு ஊட்ட அடித்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் தலைமை 'மைக்'. பேசினால் தெருமுனைவரை கேட்கும் என்பதால் அந்தச் சிறுமிக்கு அந்தப் பெயர். மூன்று மாதத்தில் மேலாளர் அம்மாவே மனம் மாறிவிட்டார். ஐந்து புகைப்படங்கள் எடுத்து வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மேலே 'இங்கே எல்லோரும் சமம்' என்று வண்ண எழுத்தில் எழுதினார்.

பட்டாணியின் அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். மாலையில் கருவிப் பையோடு வந்து மகளை அழைத்துக்கொண்டு ஓடுவது அவர் வழக்கம். அன்று பலகைக்கு முன் நின்றுவிட்டார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். தப்பா எடுத்துக்காதீங்க. இதுல அஞ்சு படம் இருக்கு. அஞ்சுலயும் என் பொண்ணு ஒண்ணு படுத்திருக்கா, இல்ல யாராவது ஊட்டறாங்க."

"எல்லாரும் அவ்வளவு பிரியமா இருக்காங்க சார்."

"தெரியுது டீச்சர். ஆனா வீட்டுல அவளேதான் சாப்பிடுவா. பூட்ஸையும் அவளேதான் மாட்டிப்பா. இப்ப ரெண்டு வாரமா காலை நீட்டிட்டு ராணி மாதிரி உக்காந்திருக்கா. ஏன்டின்னு கேட்டா, 'நான் பாப்பாதானப்பா'ங்கறா."

அவர் போனதும் டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாய்களை மடித்துக்கொண்டிருந்த உதவியாளப் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தார். "இந்தப் பொண்ணுக்காக எத்தனை பேச்சு வாங்கியிருப்பேன்! வந்து குறை சொல்லிட்டுப் போறாரு பாரு."

உதவியாளப் பெண் கடைசிப் பாயையும் மடித்து வைத்தாள். "நாளைக்குக் காலையில ரூமை நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க மூலையில உக்காந்து சும்மா வேடிக்கை பாருங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம்."

மறுநாள் டீச்சர் ஒரு குட்டி நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். பத்து மணிக்கு பஸ் விளையாட்டு. நாற்காலிகளை இரண்டு இரண்டாக நெருக்கிப் போட்டார்கள். முன்னால் தனியாக ஒன்று, ஓட்டுநருக்கு. ஒரு பிளாஸ்டிக் தட்டுதான் ஸ்டியரிங். பஸ் இருந்த இடத்திலேயே ஓடும்; பக்கத்தில் தரையில் போட்ட கோடுதான் நிறுத்தம், சுற்றுக்கு ஒருமுறை அது வரும். யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று மைக் பிரித்துக் கொடுத்தாள்.

"இன்னைக்கு நான் டிரைவர்," என்றாள் பட்டாணி.

"நீ பாப்பா. பாப்பா எல்லாம் ஓட்டக்கூடாது. இவன் மடியில உக்காரு."

மைக்கின் குரலில் வன்மம் எதுவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். பட்டாணி ஒருமுறை மூலையில் இருந்த டீச்சரைப் பார்த்தாள். பிறகு மைக் காட்டிய பையனின் மடியில் போய் உட்கார்ந்தாள். ஆசைப்பட்டாலும் அந்த ஓட்டுநர் நாற்காலிக்கு அவளால் போயிருக்க முடியாது என்பதை டீச்சர் அப்போதுதான் கவனித்தார். இடையில் இருந்த சந்தில் வாக்கர் நுழையாது.

பால் குடிக்கும் நேரத்தில் இன்னொன்று நடந்தது. ஒன்றும் செய்யக்கூடாது என்று உட்கார்ந்திருந்த டீச்சரே எழுந்துபோய்ப் பட்டாணியின் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பினார். அவள் கேட்கவில்லை. வேறு எந்தக் குழந்தைக்கும் அவர் திறந்து கொடுக்கவுமில்லை. நாற்காலிக்கு வந்து பேனாவை எடுத்தபோதுதான் தான் செய்தது உறைத்தது. 'மூடி திறந்தது: நான்' என்று எழுதினார். சற்று நேரம் கழித்து, 'பாப்பா என்று முதலில் சொன்னதும் நான்' என்று அதன் கீழே எழுதினார்.

மதியம் பலகையிலிருந்து ஐந்து படங்களையும் கழற்றிவிட்டு, குழந்தைகளைப் பாய்க்குக் கூப்பிட்டார்.

"மிஸ் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

எல்லோருடைய கண்ணும் விரிந்தது. மிஸ் தப்பு செய்வார் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

"பட்டாணிய நான் பாப்பான்னு சொல்லிட்டேன். அவ பாப்பா இல்ல. அவளுக்கு நாலு வயசு. உங்களுக்கெல்லாம்?"

"நாலு!"

"எனக்கு நாலே முக்கால்," என்றாள் மைக்.

"சரி. இனிமே யாருக்கு உதவி பண்றதா இருந்தாலும், வேணுமான்னு முதல்ல கேக்கணும். வேண்டாம்னு சொன்னா விட்டுடணும்."

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. நடத்திப் பார்த்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. பூட்ஸ் மாட்ட பட்டாணிக்குப் பதினொரு நிமிடம் ஆனது. அதுவரை மற்றவர்கள் கதவருகே முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். தோட்டத்தில் விளையாடும் நேரம் தன் பிள்ளைக்குக் குறைகிறது என்று ஓர் அம்மா மேலாளரிடம் புகார் சொன்னார். "யாராவது மாட்டிவிட்டாத்தான் என்ன? கௌரவம் குறைஞ்சு போயிடுமா?" என்று மேலாளர் கேட்டார்.

"கொஞ்சம் முன்னாடியே அவ ஆரம்பிக்கட்டும் மேடம். அந்த நேரத்துல மத்தவங்க பொம்மைகளை அடுக்கட்டும். எப்படியும் அதை நாமதான அடுக்கறோம்?"

அந்தக் கடைசி வாக்கியம் மேலாளருக்குப் பிடித்துப்போனது.

பட்டாணிக்கோ துளிக்கூட நன்றி இல்லை. ஊட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதில் இரண்டு நாள் அழுதாள். "நீ கெட்ட மிஸ்," என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். மூன்றாம் நாள் ஜன்னலோரம் வேகமாகத் திரும்பி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். டீச்சருக்கு உயிரே போய் வந்தது. உடனே அப்பாவுக்குப் போன் செய்தார்.

"பல்லு இருக்கா டீச்சர்?"

"இருக்கு சார்."

"அப்ப சரி. சாயங்காலம் வர்றேன்."

அடுத்த வாரம் குழந்தைகளை வைத்தே நாற்காலிகளை மாற்றிப் போடச் சொன்னார் டீச்சர். வாக்கரை நடுவில் உருட்டிப் பார்த்து, இடித்த இடத்தில் எல்லாம் நகர்த்தினார்கள். யார் எந்த நாள் ஓட்டுநர் என்று படம் ஒட்டிய அட்டவணை சுவருக்கு வந்தது. நிறுத்தத்தில் ஆள் நின்றால் ஏற்ற வேண்டும், ஏற்றவில்லையென்றால் அன்றைய முறை போய்விடும் என்று சட்டமும் போட்டார்கள். புதன்கிழமை பட்டாணியின் முறை.

அவள் தட்டைப் பிடித்து உட்கார்ந்ததும் பஸ் பறந்தது. எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. மைக் கையை நீட்டிக்கொண்டு மூன்று சுற்று நின்றாள்.

"ஏய், நிறுத்து! நான் ஏறணும்!"

"ஃபுல்லா இருக்கு."

நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன.

"காலியாத்தான இருக்கு!"

"பாப்பாவுக்கெல்லாம் இடம் கிடையாது. நீ போய் பால் குடி," என்றாள் பட்டாணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மைக் அந்தக் காப்பகத்தில் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்று அழுதாள். உண்மையிலேயே தெருமுனைவரை கேட்டிருக்கும். உதவியாளப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சருக்கும் ஒரு கணம் தோன்றியது: பாவம், முதல் தடவைதானே, விட்டுவிடலாம். அந்தப் 'பாவம்' எங்கிருந்து வருகிறது என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பட்டாணி, இறங்கு."

"என் முறை!"

"உன் முறையா இருந்துச்சு. ஆளை ஏத்தலைன்னா முறை போச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான். போய் பாய்ல அஞ்சு நிமிஷம் உக்காரு."

அந்த அறையில் அவள் வாங்கிய முதல் திட்டு. தட்டைக் கீழே வீசினாள், வாக்கரைத் தரை அதிரத் தள்ளிக்கொண்டு போனாள், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மைக் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தாள்.

"சமாதானம் வேணுமான்னு கேட்டுட்டு வரவா மிஸ்?"

"கேளு."

போன வேகத்தில் திரும்பி வந்தாள். "வேண்டாமாம்."

மாலையில் அப்பா வந்ததும் டீச்சர் நடந்ததைச் சொன்னார். அவர் கருவிப் பையைக் கீழே வைத்தார்.

"திட்டு வாங்கினாளா? என் பொண்ணா?"

"ஆமா சார்."

"அழுதாளா?"

"இல்ல. என்னை முறைச்சா."

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கிவிட்டு, முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "ஆளை ஏத்தாம வண்டிய விட்டியாமே?"

"ஃபுல்லா இருந்துச்சுப்பா," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கு மைக்கோட முறை. அவ என்னை ஏத்தவே மாட்டா."

"அதை ஓட்டும்போதே யோசிச்சிருக்கணும்."

மறுநாள் பட்டாணி எல்லோருக்கும் முன்னால் போய் நிறுத்தத்தில் நின்றாள். மைக்கின் பஸ் முதல் சுற்றில் நிற்காமல் போனது. இரண்டாவது சுற்றிலும் போனது. டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மூன்றாவது சுற்றில் மைக் அவரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு பிரேக் போட்டாள்.

"சீக்கிரம் ஏறு. நேரமாகுது."

பட்டாணி அவசரப்படவில்லை. வாக்கரை மெல்ல உருட்டிக்கொண்டு போய், ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று அங்கே இருந்த பையனிடம் சண்டைக்கு நின்றாள்.