ஏணிக்கு மேலே செல்வதாஸ்

விடியும் முன்னே தொடங்கி நானூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டின வலி யேசுரத்தினத்துக்குத் தோளில் நின்று குத்தியது. கையைத் தூக்கி வாட்சைப் பார்க்கவே முனகினார். மணி மூன்று. நாலுக்கு மகள் ஜெஸ்மிக்கு அயர்லாந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் இன்டர்வியூ. குலசேகரத்துக்கு மேலே அவர் வீடிருக்கும் சரிவில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. நெட் லைன்தான் கதி.

அந்த லைனைத்தான் வேண்டாமென்று விட்டிருந்தார். போன ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச் முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் கேபிள்காரன் செல்வதாஸை, "கள்ளப்பயலே, உனக்க நெட்டு ஆமை கணக்கா இழையுதுடே" என்று நாறடித்தார். மறுநாளே மார்த்தாண்டம் போய் வேறு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். "நாளைக்கே ஆள் வரும் சார்" என்றார்கள். பால்வெட்டுக்காரனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதிலேயே கம்பெனியைப் பாதி நம்பிவிட்டார்.

நாளை என்றது சனிக்கிழமையாகி, இன்றுதான் ஆள் வந்தது. நெஞ்சில் புதுக் கம்பெனி பேர் போட்ட சட்டை, தோளில் பழைய ஏணி. செல்வதாஸ்.

"நீயாடே?"

"பின்னே? இந்தப் பக்கம் ரெண்டு கம்பெனிக்கும் நான்தான். சட்டைய மட்டும் மாத்துவேன்."

"வயரு?"

"அதே வயருதான் வேய்."

மோடம் பெட்டியில் புதுப் பேரும் பாஸ்வேர்டும் அடித்தான். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது. ரோட்டோர மரத்தில் இணைப்பை அணில் கடித்திருக்கிறது. மாற்றுச் சாமான் மார்த்தாண்டம் ஆபீஸில். மணி நாலாக ஐந்து நிமிஷம்.

ஜெஸ்மிக்கு அழுகை முட்டியது. "மாமா, எப்படியாவது…"

செல்வதாஸ் மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, இணைப்பை விரலால் அமுக்கிப் பிடித்தான். விளக்கு நின்று எரிந்தது.

"ஏணியப் பிடியும் வேய். கள்ளப்பய விழுந்தா உமக்க மோளுக்க வேலையும் விழும்."

முக்கால் மணி நேரம் பிடித்தார். தோள் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. ரோட்டில் போகிறவர்களிடம் செல்வதாஸ் மேலிருந்து, "புதுக் கம்பெனியாக்கும், நல்ல ஸ்பீடு!" என்று விளம்பரம் செய்தான்.

ஜெஸ்மி ஓடிவந்தாள். "அப்பா, வேலைக்கு எடுத்துட்டாவ!"

யேசுரத்தினம் மடியிலிருந்து நூறு ரூபாயை எடுத்தார்.

"பைசா வேண்டாம். அதே முற்றத்தில, அதே ஆளுக முன்னால, ஒரு மன்னிப்பு கேளும். போதும்."

"நாளைக்கே" என்றார் யேசுரத்தினம்.

மகள் விமானம் ஏறி நாலு மாதமாகிறது. ஞாயிறுதோறும் போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்னே யேசுரத்தினம் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறார். செல்வதாஸிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.