இங்கன என்றால் வெளிச்சம்

ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் மேஜர் ஹான் பெயரைப் பார்த்ததும் கத்தரி நழுவிவிட்டது. அவரைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிறது. திறக்கப் பயமாக இருந்தது. அந்தக் குழந்தை பிழைத்ததா இல்லையா என்பது இதில்தான் இருக்க வேண்டும்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் ஆபரேஷன் தியேட்டர் ஹவில்தாராக இருந்தவன். தென் சூடானில் ஐ.நா. படையின் கூடார ஆஸ்பத்திரியில், வியட்நாம் ராணுவ டாக்டர்கள் கொஞ்ச காலம் எங்களோடு சேர்ந்து வேலை பார்த்தார்கள். மேஜர் ஹான் அறுவைச் சிகிச்சை டாக்டர். அந்த அம்மா ஐந்தடிகூட இருக்க மாட்டார். ஸ்டூல் மேல் ஏறித்தான் கத்தியைப் பிடிப்பார். ஆனால் அதட்டினால் ஆறடி ஆட்களும் நடுங்குவோம். வேலை முடிந்ததும் அவரே எல்லோருக்கும் கறுப்புக் காபி போட்டுத் தருவார். வாயில் வைக்க முடியாத கசப்பு. இன்றைக்கு அதற்காக நாக்கு ஏங்குகிறது.

ஒரு மத்தியானம், வயிற்றில் குண்டு பாய்ந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வெளியே இருட்டிக்கொண்டு மழை; ஜெனரேட்டர் படுத்துவிட்டது. நான் கைவிளக்கைப் பிடித்தேன். ரத்தம் வரும் இடத்துக்கெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி, "இங்கன மேடம், இங்கன பாருங்க" என்றேன். இங்கே என்பது எங்கள் பக்கத்தில் இங்கன. பதற்றத்தில் இங்கிலீஷ் எங்கே வருகிறது?

கொஞ்ச நேரத்தில் அவரே "இங்கன!" என்று கத்தினார். வெளிச்சத்துக்குத் தமிழில் அதுதான் பேர் என்று நினைத்துவிட்டார். அதன்பிறகு கூடாரம் முழுக்க அந்தப் பேர்தான். நான் திருத்தவே இல்லை. வியட்நாம் மேஜர் ஒருவர் தேனிப் பேச்சில் அதட்டுவதைக் கேட்க யாருக்குக் கசக்கும்?

தாய் தேறினாள். பெண் குழந்தை மட்டும் அழவே இல்லை. நீலம் பாரித்த உடம்பைத் துண்டில் சுற்றி, தாயோடு ஹெலிகாப்டரில் ஏற்றினோம். அடுத்த வாரமே நான் ஊர் திரும்பிவிட்டேன். விளக்கை இன்னும் நேராகப் பிடித்திருந்தால் மேடம் குழந்தையைச் சீக்கிரம் எடுத்திருப்பாரோ என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

திறந்தேன். சீருடையில் ஒரு சிறுமி, முன்பல் இல்லாமல் சிரித்தாள். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தார்: "ஹவில்தார் வேல்பாண்டி, மறுபடி தென் சூடானுக்குப் பணிக்கு வந்தேன். அந்தத் தாயைப் பார்த்தேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அன்றைக்கு ஹெலிகாப்டரில் ஏற்றும்போது தாய் என்னிடம் பிள்ளைக்கு ஒரு பேர் கேட்டாள். உங்கள் வார்த்தையைத்தான் சொன்னேன். இங்கன என்றால் வெளிச்சம்தானே?"

இல்லை மேடம், அது வேறு என்று எழுத ஆரம்பித்தேன்.

"ஏங்க, எங்கன இருக்கீக?" பந்தலுக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவி உமாதேவி.

"இங்கன!" என்றேன். சொன்ன குரல் உடைந்துவிட்டது.

ஓடிவந்தவள் போனைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளையா? உசுரோட இருக்கா?"

"இருக்கா உமா. பள்ளிக்கூடத்துல வாத்தியார் தெனமும் அவ பேரக் கூப்புடுவாக. இங்கன, இங்கனன்னு."

எழுதியதை அழித்துவிட்டு, "ஆமாம் மேடம், வெளிச்சம்தான்" என்று அனுப்பினேன்.