முடி என்றொரு பட்டன்

செயலியை ஆட்களின் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் உட்காரும் வடிவமைப்புத் தலைவருக்கோ வாய் சும்மா இருக்காது. எந்தக் குறையையும் கையசைத்துத் தள்ளிவிடுவதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சின்ன விஷயம்' என்றே பெயர்.

டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி அது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அடியில் பெரிதாக 'முடி' என்றொரு பட்டன். அதைத் தொட்டால் பதிவாகாது, போட்டதெல்லாம் அழிந்துபோகும். பதிவாக வேண்டுமானால் மேல் மூலையில் கடுகளவு இருக்கும் 'சேமி'யைத் தொட வேண்டும். மாற்றச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அன்று காலை வந்த ஓய்வுபெற்ற டிரைவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "முடின்னு போட்டிருக்கே, இது ஆஸ்பத்திரியா சலூனாம்மா?"

தலைவர் எட்டி விரலை நீட்டினார். "மேல பாருங்க சார், சேமி!"

சோதனை பாழ். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் வர வேண்டியவர் வரவில்லை. வீட்டுச் சாவி கொடுக்க வந்த தன் மனைவியையே தலைவர் உட்கார வைத்தார்.

"நீங்க வாயே திறக்கக் கூடாது சார்."

மனைவி மகளின் பெயரைப் போட்டு, நேரம் குறித்து, 'முடி'யைத் தொட்டார். "ஆச்சு, பதிவு பண்ணிட்டேன்."

"எங்க ஆச்சு? மேல சேமின்னு இருக்கே, கண்ணு தெரியலையா?" தலைவர் வெடித்தார்.

மனைவி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ போன வாரமும் இப்படித்தான் ஆயிருக்கு. பாப்பாவுக்குக் காது வலின்னு போனா, பேரே இல்லன்னுட்டாங்க. அவ அழ அழ சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தா, ஒண்ணும் உருப்படியா செய்யத் தெரியாதான்னு நீங்க என்னையதான் திட்டினீங்க."

சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் கூட்டத்தில் அவரே ஆரம்பித்தார். "முடியைத் தூக்கிடலாம். எங்க வீட்டுலயே நடந்துச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இதைத்தானே சார் மாசக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்?"

"சொன்னீங்க. ஆனா இவ்ளோ தெளிவா சொல்லலையே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பட்டன் ஒழிந்தது நிம்மதிதான். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. சோதனை அறை வாசலில் அடுத்தவர் காத்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை உள்ளே அழைத்தாள். பின்னாலேயே தலைவர் வருவதற்குள் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.