சாமான் அறையில் நூற்று முப்பது

"உப்பக் குறைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் அண்ணி, ஒரு நாளாவது..."

"அவர் சாப்பாட்டுல உப்பு விழுந்து ரெண்டு வருஷம்..."

"என்னைப் பேச விடுங்க."

"பேசு. கேக்கறதுக்குத்தான் நான் ஒருத்தி மிச்சம் இருக்கேனே."

அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில், கட்டிலில், அப்பா மார்புவரை போர்த்திக் கிடந்தார். மகள் கால்மாட்டில் நின்றிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் டிப்போவில் ஒரு வண்டி உறுமியது. அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அத்தை மூடவில்லை. அவளுக்கு இந்த வீட்டில் பேசிப் பழக்கமில்லை. இங்கே வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, வண்டி போனதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் குடும்பத்துக்கே திக்குவாய் என்று நினைத்து ஓடிவிட்டதாக அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அன்று விடியலில் முதல் பஸ்ஸைச் சூடேற்றும்போது அவர் எழுந்து உட்கார்ந்தார். மார்பைப் பிடித்தார். அவ்வளவுதான்.

ஓடிவந்த பக்கத்துத் தெரு டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவர் இந்த அறையிலா தூங்குவார் என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக என்றாள் அம்மா. காது பழகிவிடும், ரத்தக்குழாய் பழகாது, தூக்கத்திலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அப்போதிலிருந்து மகள் அந்தக் கால்மாட்டை விட்டு நகரவில்லை.

அத்தை ரத்த அழுத்த நோட்டைக் கேட்டு வாங்கினாள். இரண்டு மாதத்து அளவுகள், மகளின் கையெழுத்தில்.

"நூத்தி முப்பது, நூத்தி இருபத்தெட்டு. நல்லாத்தானே இருந்திருக்கு? பெரிய டாக்டரே பாத்துட்டு மாத்திரையப் பாதியாக்கியிருக்கார். அப்புறம் எப்படிப் போச்சு உசுரு? என்ன சொல்லி அண்ணன் மனச நோகடிச்சீங்க?"

அம்மா தலைகுனிந்து போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். பேச வேண்டியவள் மகள்.

முதல் வாரம் இதே கட்டிலில் உட்காரவைத்துத்தான் அளந்தாள். நூற்று எழுபது. மறுநாள் நூற்று எழுபத்தைந்து. அளக்கும்போது மெஷின் ஆடக்கூடாது என்று விற்ற கடைக்காரர் எச்சரித்திருந்தார். ஆக, பஸ் அதிர்வில் அது தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாள். பிறகு தினமும் வீட்டின் கடைசியில் இருந்த சாமான் அறை. கதவைச் சாத்திப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நூற்று முப்பது. "பாஸாயிட்டேனா?" என்பார் அப்பா. பாதி மாத்திரை ஆனபோது மாத்திரையால் வந்த தலைசுற்றல் இனி இல்லை என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அமரர் ஊர்தி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க அத்தை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அம்மா, அந்த நம்பர் எதுவும் இந்த ரூம்ல எடுத்ததில்ல. மெஷின்தான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."

"தெரியும். நாற்காலியத் தூக்கிட்டுப் போய்ப் போட்டது நான்தானே."

அம்மா திட்டுவாள் என்று மகள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். டிப்போவில் இன்னொரு வண்டி கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கட்டிலோடு சேர்ந்து அப்பாவின் விரல்களும் லேசாக அதிர்ந்தன. பழக்கம் விடாமல், இருவரும் அது ஓயும்வரை பேசாமல் நின்றார்கள்.

ஓய்ந்தது. அம்மா சாமான் அறைப் பக்கம் பார்த்தாள்.

"பழைய பெட்டிகளக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தா, அங்க ஒரு கட்டில் போட்டிருக்கலாம், இல்ல?"