ஒரு நிமிட வீட்டுச் சத்தம்

படக் கம்பெனி ஏணிக்குத் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. படப்பிடிப்புக்கு அவன் வீட்டை நாலு நாள் எடுத்துக்கொண்ட வாடகை பன்னிரண்டாயிரம். அந்த நாலு நாளும் லைட்மேனாக அவன் பார்த்த வேலைக்கு இரட்டைக் கூலி ஆறாயிரம். லைட் ஸ்டாண்டு சாய்ந்து உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு நானூற்று ஐம்பது. இந்தக் கணக்கு மேனேஜரே தன் கைப்பட எழுதியது. ஐந்து மாதமாக நடந்து நடந்து ஏணிக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆறடிக்கு மேலே ஒரு சாண் வளர்ந்ததால் ஏணி. இருபது வருஷமாக அதுதான் பெயர். பெண்டாட்டி மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் "ஏங்க" என்றால் அது அவன்தான்.

அந்த "ஏங்க" நின்று இரண்டு மாதமாகிறது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். ஒருநாள் மெஷினில் உட்கார்ந்தபடியே தலை வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசல் போவதற்குள் பேச்சு போயிற்று, மறுநாள் மூச்சும் போயிற்று. போட்டோ பெட்டி நிறைய இருக்கிறது. குரல்தான் எங்கேயும் இல்லை. போனில் பேசியதெல்லாம் பேசினதோடு சரி.

போன வாரம் வேறொரு படத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நின்றவனுக்குத் திடீரென்று நினைவு வந்தது. அவள் குரல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இன்றைக்குக் காலையில், படத்தின் சத்தங்களை எல்லாம் ஒன்றுசேர்க்கும் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தான். பணத்துக்காக அல்ல.

நடந்தது இதுதான். முன்னறையில் படப்பிடிப்பு. பின்னறையில், திரைக்குப் பின்னால், மெஷினை நிறுத்திவிட்டு அவள் சட்டைப் பட்டன் துளைகளுக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஏணி முதல் நாளே பாடம் சொல்லியிருந்தான்: "ஆக்‌ஷன்னு சத்தம் வந்தா மூச்சுகூட விடாதே. கட்னு சொல்லிட்டா உன் இஷ்டம்." மூன்று நாளும் அவள் இம்மி பிசகவில்லை.

நாலாம் நாள் கடைசிக் காட்சி முடிந்தது. "கட்" என்றார் டைரக்டர். உடனே சவுண்டு ரெக்கார்டிஸ்ட் கையை உயர்த்தினார். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதை ஒரு நிமிடம் தனியாகப் பிடித்துவைப்பார்கள். பிற்பாடு வசனத்தை வெட்டி ஒட்டும்போது அதை அடியில் விரித்தால்தான் ஒட்டுத் தெரியாது. அதற்கு ஆக்‌ஷன் கிடையாது. கை உயர்ந்தால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் இருப்பவளுக்குக் கை எப்படித் தெரியும்? முன்பு இப்படி எடுத்தபோதெல்லாம் அவள் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஏணி மறந்திருந்தான்.

அவள் முனக ஆரம்பித்தாள். வேலை செய்யும்போது எப்போதும் முனகும் ஏதோ ஒரு மெட்டு.

இருபது பேர் திரும்பிப் பார்த்ததும் ஏணிக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி? என் பொழப்பைக் கெடுக்கவே வந்தியா?" என்று கத்தினான்.

அன்று சாப்பாடு போடும்போதும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனும் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் எப்போதாவது முனகினாளா? எவ்வளவு யோசித்தாலும் அவனுக்கு நினைவு வரவில்லை. அதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

ரெக்கார்டிஸ்டுக்கு யூனிட்டில் செவிடர் என்று பட்டப்பெயர். காதில் எப்போதும் ஹெட்போன். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஏணி தோளைத் தொட்டான்.

"வாங்கண்ணே. மேனேஜர் பன்னிரண்டு மணிக்கு வருவார். காசு கேக்க யாரும் வரலைன்னு தெரிஞ்சா பதினொண்ணுக்கே வந்துடுவார்."

"காசுக்கு வரல சார்."

"காசு வேணாமா? உடம்புக்கு என்னண்ணே?"

ஏணி விஷயத்தைச் சொன்னான். செவிடரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"அந்த டேக்கை நான் அழிக்கலண்ணே. படத்துலயே அதைத்தான் போட்டிருக்கேன். முதல்ல இதைப் பாருங்க."

பெரிய திரையில் ஏணியின் வீடு வந்தது. கதாநாயகி வேலை முடிந்து வருகிறாள். அலமாரியைத் திறக்கிறாள். புருஷனின் சட்டை ஒன்றுகூட இல்லை, வெறும் கொக்கிகள் தொங்குகின்றன. இந்த இடத்தில் வயலின் வரும் என்று இருபது வருஷ அனுபவம் ஏணிக்குச் சொன்னது. வரவில்லை. வீடு மட்டும் இருந்தது. அவளும் நின்றுகொண்டே இருந்தாள்.

"மியூசிக் டைரக்டர் பன்னிரண்டு வயலின் வச்சு வாசிச்சுக் கொடுத்தார். நல்லாத்தான் இருந்துச்சு. டைரக்டர்தான், 'அழு அழுன்னு ஆளைக் கிள்ளுதுய்யா, தூக்கு'ன்னுட்டார். வாசிச்சவருக்கு ரெண்டு நாள் மூஞ்சி தூக்கல்." செவிடர் திரையை நிறுத்தினார். "அப்புறம் வெறும் வீட்டுச் சத்தம் போட்டோம். உங்க வீட்டுல எடுத்த அஞ்சு டேக்கையும் போட்டுப் பார்த்தேன். நாலு டேக்ல வீடு காலியா இருக்கு. இந்த ஒண்ணுல மட்டும் யாரோ இருந்துக்கிட்டே பேசாம இருக்கற மாதிரி இருந்துச்சு. ஏன்னு நான் யோசிக்கல. கடைசி அரை நிமிஷத்தை எடுத்துப் போட்டுட்டேன்."

"முழுசா போடுங்க சார்."

ஹெட்போனைத் தன் கையால் ஏணிக்கு மாட்டிவிட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அவள். மெல்லிய முனகல், நடுவில் நூலைப் பல்லால் கடிக்கும் சத்தம், மறுபடி விட்ட இடத்திலிருந்து முனகல். மொத்தம் பதினோரு நொடி. அதன்மேல் இடி மாதிரி ஒரு குரல் விழுந்தது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. பிறகு, மேஜைமேல் கத்தரிக்கோலைச் சத்தம் வராமல் வைக்கப் பார்த்து, வந்துவிட்ட ஒரு சின்னச் சத்தம். ஒரு மூச்சு. அப்புறம் கடைசிவரை ஒன்றுமே இல்லை.

மூன்று தடவை கேட்டான். நாலாவது தடவைக்குக் கையைக் காட்டினான்.

"உங்க குரலை மட்டும் வெட்டி எடுத்துத் தரட்டுமாண்ணே? ரெண்டு நிமிஷ வேலை. அவங்க முனகறது மட்டும் இருக்கும்."

ஏணி ஹெட்போனைக் கழற்றினான்.

"வேணாம் சார். அதை வெட்டிட்டா அவ ஏன் நிறுத்தினான்னு தெரியாமப் போயிடும்."

செவிடர் வெட்டாமலே தரத் தயார். ஆனால் ஒரு தடங்கல் இருந்தது. பதிவான எதுவும் கம்பெனி சொத்து. மேனேஜர் சொல்லாமல் ஒரு நொடிகூட வெளியே தர முடியாது, அப்படித்தான் செவிடர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மேனேஜர் பன்னிரண்டரைக்கு வந்தார். ஏணியைக் கண்டதும் வாசலிலேயே தயங்கினார்.

"யோவ் ஏணி, படம் வித்தாத்தான்யா காசு. நான் எங்கெங்க வட்டி கட்டறேன்னு என் பெண்டாட்டிக்கே தெரியாது."

"பாக்கி வேணாம் சார். எங்க வீட்டுல எடுத்த ஒரு டேக் இருக்கு. அதைக் கொடுத்தாப் போதும்."

"அதுல என்ன இருக்கு? ஹீரோயின் ஏதாச்சும் உளறியிருக்கா?"

"ஒண்ணுமில்ல சார். வீட்டுச் சத்தம்."

"சார், அது அவரோட..." என்று செவிடர் ஆரம்பித்தார். ஏணி அவர் தோளை அழுத்தினான். சொன்னால் மேனேஜர் சும்மாவே கொடுத்துவிடுவார், அவ்வளவு மோசமான மனுஷன் இல்லை. சும்மா வாங்கிக்கொள்ளத்தான் ஏணிக்கு மனசு ஒப்பவில்லை.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினெட்டாயிரம்யா. நாளைக்கு வந்து ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் சார்."

செவிடர் அந்த ஒரு நிமிடத்தை ஏணியின் போனில் ஏற்றித் தந்தார். அதுவரைக்கும் மேனேஜர் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுக்கவில்லை. பிறகு எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, விரலால் இடம் காட்டினார். வாடகை, கூலி, கண்ணாடி என்று மூன்று வரிகளுக்கும் கீழே, 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று ஏணி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேனேஜர் மை காய ஊதிவிட்டு, கணக்கின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.